ஸ்டாக்டனின் 500 டாலர்: ஓர் உத்தரவாத வருமானத் திட்டம் எப்படிப் பணம் திரட்டியது, ஏன் நின்றது

கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரம் 2012-இல் திவாலானது. அதுவரை அமெரிக்காவில் திவால் மனு கொடுத்த நகரங்களிலேயே பெரியது அதுதான். மறு ஆண்டு டெட்ராய்ட் அதைத் தாண்டியது. வீட்டுக்கடன் நெருக்கடியில் தெருத்தெருவாக வீடுகள் பறிபோன ஊர் அது. காவல்துறையிலும் தீயணைப்பிலும் ஆட்குறைப்பு நடந்தது. ஓய்வுபெற்ற நகராட்சி ஊழியர்களின் மருத்துவச் சலுகையில்கூட கை வைத்தார்கள். 2015-இல்தான் நகரம் திவால் நடவடிக்கையிலிருந்து வெளியே வந்தது. சுமார் மூன்று லட்சம் பேர் வாழும் அதே ஊரில், நான்கே ஆண்டுகள் கழித்து, 2019 பிப்ரவரியில் 125 பேருக்கு மாதம் 500 டாலர் போகத் தொடங்கியது. வேலை தேடியதற்குச் சான்று வேண்டாம், ரசீது வேண்டாம், இன்னதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இப்படி நிபந்தனையில்லாமல் மாதாமாதம் வரும் தொகையைத்தான் உத்தரவாத வருமானம் என்கிறார்கள்.

இந்தத் திட்டத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் பணம் வாங்கியவர்கள் என்ன செய்தார்கள் என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். அதுவும் முக்கியம்தான், அதற்கும் வருகிறேன். ஆனால் இப்படி ஒரு திட்டத்தைத் தங்கள் ஊரில் தொடங்க நினைப்பவர்களுக்கு அதைவிட அவசரமான கேள்வி வேறு. பணம் யாருடையது? எவ்வளவு நாளைக்கு? நாள் முடிந்ததும் அந்தச் செலவு யார் கணக்கில் ஏறும்? ஸ்டாக்டன் முதல் இரண்டு கேள்விகளுக்கும் நல்ல பதில் வைத்திருந்தது. மூன்றாவதற்கு அதனிடம் பதில் இல்லை. நல்ல முடிவுகள் வந்த பிறகும் திட்டம் நின்றதற்கு அதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

பணம் வந்த வழி

மைக்கேல் டப்ஸ் 2016 நவம்பரில் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவருக்கு வயது 26. ஸ்டாக்டனின் முதல் கறுப்பின மேயர். வறுமையில் வளர்ந்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் வரை போய், சொந்த ஊருக்குத் திரும்பி வந்தவர். மார்ட்டின் லூதர் கிங் 1967-இல் வறுமையை நேரடியாக ஒழிக்க உத்தரவாத வருமானம் வேண்டும் என்று வாதிட்டிருந்தார். அந்த யோசனையைத் தன் நகரத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது டப்ஸின் ஆசை. ஆனால் கருவூலத்தில் காசு இல்லை. இருந்திருந்தாலும், திவாலிலிருந்து இப்போதுதான் மீண்ட நகரத்தின் மன்றத்தில் இதற்கு வாக்கு வாங்குவது லேசுப்பட்ட வேலை அல்ல.

அந்தச் சமயத்தில் எகனாமிக் செக்யூரிட்டி ப்ராஜெக்ட் என்ற அமைப்பு, ஃபேஸ்புக்கின் இணை நிறுவனர்களில் ஒருவரான கிறிஸ் ஹியூஸ் உள்ளிட்டோர் சேர்ந்து தொடங்கியது, இப்படி ஒரு சோதனையை நடத்த ஒரு நகரத்தைத் தேடிக்கொண்டிருந்தது. அவர்கள் 10 லட்சம் டாலர் கொடுக்க முன்வந்தார்கள். 2017 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. பிறகு வேறு நன்கொடையாளர்களும் சேர, மொத்தம் சுமார் 30 லட்சம் டாலர் திரண்டது. ஆய்வுச் செலவுக்கு ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளை கை கொடுத்தது. நகராட்சிப் பணம் ஒரு டாலர்கூட இதில் இல்லை. திட்டத்துக்கு ஸ்டாக்டன் பொருளாதார வலுவூட்டல் செயல்விளக்கம் என்று பொருள்படும் நீண்ட பெயர் உண்டு. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து எல்லோரும் 'சீட்' என்றே அழைத்தார்கள்.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். 125 பேருக்கு 500 டாலர் என்றால் மாதம் 62,500 டாலர். முதலில் திட்டமிட்டபடி 18 மாதத்துக்கு 11,25,000. பிறகு ஆறு மாதம் நீட்டிக்கப்பட்டதால் மொத்தம் 15 லட்சம். அதாவது திரட்டிய தொகையில் பாதி அளவுதான் மக்கள் கைக்கு நேராகப் போனது. மற்றது ஆய்வுக்கும், ஊழியர்களுக்கும், திட்டத்தை நடத்தும் மற்ற வேலைகளுக்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. சிறிய சோதனை என்றால் அப்படித்தான் இருக்கும். 125 பேருக்கு நடத்தினாலும் 3,000 பேருக்கு நடத்தினாலும் படிவம் ஒன்றுதான், வழக்கறிஞர் ஆலோசனை ஒன்றுதான், ஆய்வு வடிவமைப்பும் ஒன்றுதான். 'மாதம் 500 வீதம் இத்தனை பேருக்கு இவ்வளவு' என்று பெருக்கி வரும் தொகையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பைலட் திட்டம், அதாவது சிறிய அளவிலான சோதனைத் திட்டம், தொடங்க நினைக்கும் எவரும் இதை முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

தனியார் பணம் ஒரு பெரிய சுதந்திரத்தைக் கொடுத்தது. மாதாந்திரத் தொகைக்காக நகர மன்றத்தின் வாக்கைக் கேட்க வேண்டியதில்லை. வரிப்பணத்தை வாரிக் கொடுக்கிறார்கள் என்று யாரும் வழக்குப் போட முடியாது. பெறுபவர்களுக்கு அது நன்கொடை என்ற கணக்கில் வருவதால் வருமான வரித் தொல்லையும் பெரிதாக இல்லை. வேகமாகத் தொடங்க முடிந்தது. ஆனால் அதே காரணத்தால் நகரத்தின் வரவுசெலவுத் திட்டத்தில் இந்தச் செலவுக்கென்று ஒரு வரிகூட எழுதப்படவில்லை. அப்படி ஒரு வரி இருந்திருந்தால், அடுத்த ஆண்டு அதை வெட்ட நினைப்பவர் வெளிப்படையாகக் கையைத் தூக்கி வெட்ட வேண்டியிருக்கும். இல்லாத வரியை யாரும் வெட்ட வேண்டியதில்லை. அது தானாகவே முடிந்துபோகும்.

யாருக்கு?

தேர்வு முறையை வடிவமைக்கும்போது ஒரு நல்ல முடிவெடுத்தார்கள். தனிநபரின் வருமானத்துக்கு வரம்பு வைக்கவில்லை. நகரத்தின் இடைநிலைக் குடும்ப வருமானம், அதாவது பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலும் பாதி அதற்குக் கீழும் இருக்கும் அளவு, ஆண்டுக்கு 46,033 டாலர். அந்த அளவிலோ அதற்குக் கீழோ வருமானம் உள்ள பகுதிகளில் குடியிருந்தால் போதும், 18 வயது நிரம்பியிருந்தால் போதும். குலுக்கல் முறையில் 4,200 வீடுகளுக்குக் கடிதம் போனது. பதில் எழுதியவர்களிலிருந்து 125 பேர் பணம் பெறும் குழுவுக்கும், 200 பேர் பணம் பெறாத ஒப்பீட்டுக் குழுவுக்கும் தேர்வானார்கள்.

சும்மா 500 டாலர் தருகிறோம் என்று ஒரு கடிதம் வந்தால் யார் நம்புவார்? ஏமாற்று வேலை என்று நினைத்தவர்கள் உண்டு. அதனால் ஊருக்குள் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்த அமைப்புகளின் துணை தேவைப்பட்டது. தெற்கு ஸ்டாக்டனில் இயங்கிய கூட்டமைப்பு ஒன்று இதில் பங்காளியாக இருந்தது. பணம் ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதி வாக்கில் ப்ரீபெய்ட் டெபிட் கார்டில் ஏறியது. வங்கிக் கணக்கு இல்லாதவர்களுக்கும் கார்டு வேலை செய்யும், செலவுக் கணக்கும் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கும். வேண்டியவர்கள் அதிலிருந்து பணமாக எடுத்துக்கொள்ளலாம், கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். கிட்டத்தட்ட 40 சதவீதப் பணம் அப்படி மாற்றப்பட்டது. 'எதற்குச் செலவழித்தார்கள்' என்ற புள்ளிவிவரத்தைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது. கார்டில் தேய்த்த பகுதி மட்டுமே அந்தக் கணக்கில் தெரியும்.

கொடுத்த கையே எடுக்காமல் இருக்க

பணம் திரட்டுவதைவிடச் சிக்கலான வேலை ஒன்று இருந்தது. பெரும்பாலான விவரிப்புகள் இதை ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகின்றன. ஆனால் ஒரு குடும்பத்தின் சமையலறையில் நின்று பார்த்தால் இதுதான் திட்டத்தின் உயிர்நாடி.

ஏழைக் குடும்பங்கள் ஏற்கெனவே ஏதோ ஒரு அரசு உதவியில் இருக்கும். அந்த உதவிகள் எல்லாம் வருமானத்தைப் பார்த்து ஏறி இறங்குபவை. உடல்குறை உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் கிடைக்கும் துணை வருமான உதவியை எடுத்துக்கொள்ளுங்கள். உழைக்காமல் வரும் வருமானத்தில் மாதம் முதல் 20 டாலரைத்தான் அது கண்டுகொள்ளாது. அதற்கு மேல் வரும் ஒவ்வொரு டாலருக்கும் ஒரு டாலரைக் கழித்துவிடும். அப்படியானால் 500 டாலர் வந்த மாதத்தில் 480 டாலர் போய்விடும். கையில் நிற்பது 20 டாலர். உணவு மானியத்தில் நிகர வருமானம் ஒரு டாலர் கூடினால் சுமார் 30 சென்ட் குறையும். வாடகை உதவி பெறும் வீடுகளில் குடியிருப்பவர் தன் வருமானத்தில் ஏறக்குறைய 30 சதவீதத்தை வாடகையாகக் கட்டுபவர். மாதாமாதம் வரும் தொகை வருமானமாகக் கணக்கில் ஏறினால் வாடகை 150 டாலர் கூடும். இரண்டு மூன்று உதவிகளை ஒன்றாகப் பெறும் குடும்பத்தில் இந்தக் கழிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். நன்கொடையாளர் கொடுத்த பணம் குடும்பத்தில் தங்காமல் அரசின் செலவைக் குறைக்கத்தான் பயன்படும்.

சீட் இதை மூன்று விதமாகக் கையாண்டது. தேர்வானவர்களை உட்காரவைத்து, உங்களுக்கு இப்போது வரும் உதவியில் எது குறையக்கூடும் என்று ஒருவர் ஒருவராக விளக்கினார்கள். அதைக் கேட்ட பிறகுதான் சேர்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க வைத்தார்கள். மாவட்ட, மாநில அதிகாரிகளிடம் பேசி விலக்கு கிடைக்கும் இடங்களில் கேட்டார்கள். அப்புறம், எதிர்பாராமல் யாருக்காவது உதவி குறைந்துபோனால் ஈடுகட்ட ஒரு தனி நிதியை ஒதுக்கி வைத்தார்கள். பின்னால் வந்த நகரத் திட்டங்கள் பல இந்த மூன்றையும் அப்படியே எடுத்துக்கொண்டன. ஆனால் துணை வருமான உதவி கூட்டாட்சி அரசின் கையில் இருப்பது. அதை ஒரு மேயரால் அசைக்க முடியாது. உதவி மிகவும் தேவைப்படும் சிலருக்கு இந்தத் திட்டம் ஒத்துவராமல் போவது இதனால்தான். நிதித் திட்டம் போடும்போது விலக்கு வாங்கும் வேலைக்கென ஆளும் மாதங்களும் ஒதுக்காத பைலட், குடும்பங்களைக் கஷ்டத்தில் தள்ளிவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முடிவுகள்

டென்னசி பல்கலைக்கழகத்தின் ஸ்டேசியா வெஸ்ட், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஏமி காஸ்ட்ரோ பேக்கர் இருவரும் ஆய்வை நடத்தினார்கள். முதல் ஆண்டு முடிவுகள் 2021 மார்ச்சில் வெளியாகின. அவை 2019 பிப்ரவரி முதல் 2020 பிப்ரவரி வரையிலானவை, கொரோனாவுக்கு முந்தையவை.

பணம் பெற்றவர்களில் முழுநேர வேலையில் இருந்தவர்கள் 28 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக உயர்ந்தார்கள். ஒப்பீட்டுக் குழுவில் அது 32-இலிருந்து 37. சும்மா காசு கொடுத்தால் வேலைக்குப் போக மாட்டார்கள் என்ற வாதத்துக்கு இது நேரடியான பதில். திடீரென 400 டாலர் செலவு வந்தால் கையிருப்பிலிருந்தே சமாளிப்பேன் என்றவர்கள் 25 சதவீதம்தான் இருந்தார்கள், ஓராண்டில் 52 ஆனார்கள். ஒப்பீட்டுக் குழுவில் 25-இலிருந்து 28. மாதத்துக்கு மாதம் வருமானம் ஏறி இறங்கும் அளவு பணம் பெற்றவர்களிடம் 46 சதவீதமாகவும் மற்றவர்களிடம் 68 சதவீதமாகவும் இருந்தது. கார்டில் தெரிந்த செலவில் 37 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக உணவு, 22 சதவீதம் துணிமணி, வீட்டுச் சாமான், 11 சதவீதம் மின்சாரம், தண்ணீர் போன்ற கட்டணங்கள், 10 சதவீதம் வண்டிச் செலவு. மதுவுக்கும் புகையிலைக்கும் ஒரு சதவீதம்கூட இல்லை.

வேலைக்கும் 500 டாலருக்கும் என்ன சம்பந்தம்? நேர்காணலுக்குப் போக மணிக்கூலி வேலையில் ஒரு ஷிஃப்டை விட்டால் அன்றைய கூலி போய்விடும். வண்டி பழுதானால் வேலையே போய்விடும். அந்தச் சிறு இடைவெளியை நிரப்பப் பணம் இருந்தவர்கள் நல்ல வேலைக்கு நகர முடிந்தது. ஆய்வாளர்கள் கொடுத்த விளக்கமும் கிட்டத்தட்ட இதுதான்.

இரண்டாம் ஆண்டு கதை வேறு. கொரோனா வந்து, வேலைகள் போய், எல்லோருக்கும் அரசு நிவாரணக் காசோலைகளும் வந்தபோது, இரு குழுக்களுக்கும் இடையே முதல் ஆண்டில் தெரிந்த வேறுபாடுகள் மங்கிப்போயின. மாதம் 500 டாலர் ஒரு பெருந்தொற்றைத் தாங்கும் தொகை அல்ல. முதல் ஆண்டு எண்களை மட்டும் மேற்கோள் காட்டி நன்கொடை கேட்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிதி கொடுப்பவர் ஒருநாள் முழு அறிக்கையையும் படிப்பார்.

நின்ற விதம்

2020-இல் பதினெட்டு மாதம் முடியும் நேரத்தில் ஊரே அடைபட்டுக் கிடந்தது. அந்த நேரத்தில் பணத்தை நிறுத்துவது கொடுமை என்று எல்லோருக்கும் தெரிந்தது. தனிப்பட்ட நன்கொடை ஒன்று வந்ததால் ஆறு மாதம் நீண்டது. அந்த நன்கொடையாளர் செய்தது பெரிய காரியம். ஆனால் நீட்டிப்பைத் தீர்மானித்தது ஒரு கொள்கையோ ஒரு வாக்கெடுப்போ அல்ல. ஒருவருடைய நல்ல மனம். நல்ல மனத்தை அடுத்த ஆண்டுக் கணக்கில் எழுதிவைக்க முடியாது.

2020 நவம்பர் தேர்தலில் டப்ஸ் கெவின் லிங்கனிடம் தோற்றார். கடைசித் தவணை 2021 ஜனவரியில் போனது. நல்ல செய்தியாக உலகம் முழுக்கப் பேசப்பட்ட முடிவுகள் வெளியானபோது மேயர் பதவியில் இல்லை, திட்டமும் நடப்பில் இல்லை. முடிவை வைத்துத் தொடரச் சொல்லி வாதாட நினைத்தாலும் நகர மன்றத்தில் அதற்கான ஆள் போய்விட்டார். ஆய்வு முடிவு வெளிவரும் தேதியும் பணம் தீரும் தேதியும் இப்படி முன்பின்னாக விழுவது பல பைலட்டுகளில் நடக்கிறது. முதல் கட்ட முடிவுகளைத் திட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த பட்ஜெட் எழுதப்படும் மாதத்துக்கு முன்பே வெளியிடும்படி அமைத்தால், வாதிடுபவர் கையில் ஏதாவது இருக்கும்.

ஸ்டாக்டனுக்கு வெளியே தொடர்ந்தது

ஊரில் நின்றாலும் யோசனை நிற்கவில்லை. 2020 ஜூனில் டப்ஸ் உத்தரவாத வருமானத்துக்கான மேயர்கள் கூட்டமைப்பைத் தொடங்கினார். அப்போது ட்விட்டரின் தலைமை நிர்வாகியாக இருந்த ஜாக் டார்சி அந்த ஆண்டிலேயே முதலில் 30 லட்சம், பிறகு 1.5 கோடி டாலர் கொடுத்தார். அதைக் கொண்டு பல நகரங்கள் விதைப்பணம் பெற்றன. 2021 மார்ச்சில் அமெரிக்க மீட்புத் திட்டச் சட்டம் வந்து, மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் 35,000 கோடி டாலர் போனது. அதிலிருந்து குடும்பங்களுக்கு நேரடிப் பணம் கொடுக்கவும் வழி இருந்தது. பைலட்டுகள் பெருகியது அதனால்தான். கலிபோர்னியா மாநிலமும் 2021-இல் 3.5 கோடி டாலர் ஒதுக்கியது. கர்ப்பிணிகளுக்கும், வளர்ப்புக் காப்பகப் பராமரிப்பிலிருந்து வயது வந்து வெளியேறும் இளைஞர்களுக்கும் முன்னுரிமை.

மீட்பு நிதிக்கும் ஒரு கடைசித் தேதி உண்டு. 2024 டிசம்பருக்குள் ஒதுக்கி முடிக்க வேண்டும், 2026 டிசம்பருக்குள் செலவழித்து முடிக்க வேண்டும். அறக்கட்டளைப் பணத்தைப் போலவே இதுவும் ஒருமுறை வரும் பணம்தான், தொகை மட்டும் பெரிது. ஆனால் இதில் ஒரு வேறுபாடு உண்டு. இந்தப் பணம் உள்ளாட்சியின் கணக்கு வழியாகவே போனது. அதிகாரிகள் கையெழுத்திட்டார்கள், மன்றங்கள் வாக்களித்தன, நிர்வாகத்துக்குப் பழக்கம் ஏற்பட்டது.

சிகாகோ நகரை உள்ளடக்கிய குக் மாவட்டத்தில் இந்தப் பழக்கம் பலன் கொடுத்தது. அங்கே மாவட்ட வாரியத் தலைவர் டோனி ப்ரெக்விங்கிளின் தலைமையில் 2022-இல் 4.2 கோடி டாலர் மீட்பு நிதியில் 3,250 குடும்பங்களுக்கு மாதம் 500 டாலர் வீதம் இரண்டாண்டு கொடுத்தார்கள். விண்ணப்பித்தவர்கள் 2,33,000 பேர். பெருக்கிப் பாருங்கள்: 3,250 குடும்பம், 24 மாதம், 500 டாலர் என்றால் 3.9 கோடி. திட்டத் தொகையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மக்களிடம் போனது. ஸ்டாக்டனில் பாதி என்று பார்த்தோம். அளவு பெரிதானால் நிர்வாகச் செலவின் பங்கு எப்படிச் சுருங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம்.

மீட்பு நிதி தீர்ந்த பிறகு குக் மாவட்டம் தன் சொந்த 2026 வரவுசெலவுத் திட்டத்தில் 75 லட்சம் டாலர் ஒதுக்கி, இதை நிரந்தரமாக்க முடிவெடுத்தது. எனக்கு இது பெரிய செய்தி. அதே நேரம் தொகையையும் பார்க்க வேண்டும். நிர்வாகச் செலவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 500 டாலர் வீதம் ஓராண்டுக்கு 1,250 பேருக்குத்தான் வரும். 3,250-இலிருந்து இது பெரிய இறக்கம். ஆனால் இப்போது அது பட்ஜெட்டில் எழுதப்பட்ட ஒரு வரி. அடுத்த ஆண்டு கூட்டவும் குறைக்கவும் யாராவது எழுந்து பேசியாக வேண்டும்.

சரி, அரசுப் பணம் என்றால் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா? முடியாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2017-இல் 4,000 பேருக்கு மூன்றாண்டுத் திட்டம் தொடங்கியது. 2018-இல் ஆட்சி மாறியதும் ஜூலையிலேயே ரத்து என்று அறிவித்தார்கள், 2019 மார்ச்சோடு பணம் நின்றது. மூன்றாண்டு வருமானம் வரும் என்று நம்பிப் படிப்பில் சேர்ந்தவர்கள், வீடு மாறியவர்கள் பாதியில் நின்றார்கள். ஒரே கட்சியின் அடையாளமாகத் திட்டம் நின்றுவிட்டால் அந்தக் கட்சியோடு அதுவும் போகும்.

டெக்சாசில் தடை வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஹூஸ்டனை உள்ளடக்கிய ஹாரிஸ் மாவட்டம் 2.05 கோடி டாலர் மீட்பு நிதியில், ஏறத்தாழ 1,900 குடும்பங்களுக்கு மாதம் 500 டாலர் வீதம் 18 மாதம் தர ஏற்பாடு செய்தது. 82,000 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். முதல் தவணை போகும் நேரத்தில், 2024 ஏப்ரலில், மாநில அரசு வழக்கறிஞர் கென் பாக்ஸ்டன் வழக்குத் தொடுத்தார். பொதுப்பணத்தைத் தனிநபர்களுக்கு இனாமாகக் கொடுக்கக் கூடாது என்று டெக்சாஸ் அரசமைப்பில் ஒரு விதி உண்டு, அதுதான் அவர் பிடித்த பிடி. மாநில உச்ச நீதிமன்றம் தடை போட்டது. தேர்வாகிவிட்டீர்கள் என்று தகவல் வந்து காத்திருந்த குடும்பங்களுக்குப் பணம் வரவில்லை. ஐடஹோ, ஐயோவா, தெற்கு டகோட்டா மாநிலங்கள் உள்ளாட்சிகள் இத்தகைய திட்டம் நடத்துவதையே சட்டம் போட்டுத் தடுத்திருக்கின்றன. தனியார் பணத்துக்கு இந்த ஆபத்து குறைவு. ஸ்டாக்டன் நன்கொடையை நம்பியதில் இருந்த நியாயம் இங்கே தெரிகிறது.

ஃப்ளின்ட்: இரண்டு பணத்தையும் பின்னியது

மிச்சிகனின் ஃப்ளின்ட் நகரம் இரண்டையும் சேர்த்த வழியைத் தேடியது. குழாய்த் தண்ணீரில் ஈயம் கலந்த அவலத்தால் உலகம் அறிந்த ஊர். 2015-இல் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியதைத் தரவுகளோடு வெளிப்படுத்திய குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் லூக் ஷேஃபருடன் சேர்ந்து 2024 ஜனவரியில் 'ஆர்எக்ஸ் கிட்ஸ்' திட்டத்தைத் தொடங்கினார். கர்ப்ப காலத்தில் 1,500 டாலர், குழந்தை பிறந்த பிறகு ஓராண்டுக்கு மாதம் 500. ஒரு குழந்தைக்கு 7,500 டாலர். வருமான வரம்பு கிடையாது, குலுக்கலும் கிடையாது. ஊரில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும்.

மாட் அறக்கட்டளை 1.5 கோடி டாலர் தருவதாக உறுதி சொன்னது, மற்றவர்களும் சேர்ந்து மீதியைத் திரட்ட வேண்டும் என்ற சவாலோடு. ஐந்தாண்டுத் தேவை 5.5 கோடி. மாநிலம் முதலில் 1.65 கோடி கொடுத்தது. அந்த 1.65 கோடி எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தக் கதையிலேயே நான் மிகவும் மதிக்கும் வேலை.

ஏழைக் குடும்பங்களுக்கான தற்காலிக உதவி என்று கூட்டாட்சி அரசு 1996 முதல் ஆண்டுதோறும் மாநிலங்களுக்கு ஒரு மொத்தத் தொகை கொடுக்கிறது, நாடு முழுக்க ஆண்டுக்குச் சுமார் 1,650 கோடி டாலர். வழக்கமாக அதிலிருந்து பணம் வாங்க வேலை நிபந்தனை உண்டு, வாழ்நாள் வரம்பு உண்டு. ஆனால் அதன் விதிகளில், ஒரு குறிப்பிட்ட நெருக்கடி நேரத்துக்கான குறுகிய கால உதவி, நான்கு மாதத்துக்கு மிகாமல், என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதற்கு அந்த நிபந்தனைகள் பொருந்தாது. பிரசவத்தையும் அதை ஒட்டிய மாதங்களையும் அப்படி ஒரு நேரமாக எடுத்துக்கொண்டார்கள். அந்த மாதங்களுக்கு அரசுப் பணம். நான்கு மாத வரம்பு தாண்டிய மாதங்களுக்கு அறக்கட்டளைப் பணம். தாயின் கையில் வருவது ஒரே தொகை, ஒரே நாளில். உள்ளே இரண்டு கணக்கு.

புதிய சட்டம் இயற்றக் காத்திருக்காமல், ஏற்கெனவே ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கும் ஒரு நிதி ஓடையில் இடம் பிடித்ததால், திட்டத்துக்கு அடுத்த ஆண்டும் கேட்க ஒரு கதவு இருந்தது. வருமான வரம்பு இல்லாததால் இது ஒரு பகுதியின் திட்டம், ஒரு கட்சியின் திட்டம் என்ற பேச்சும் குறைந்தது. மாநிலம் நிதியைக் கூட்டிக்கொண்டே போனது, கலாமசூ, போன்டியாக், மாநிலத்தின் வடக்கே உள்ள கிராமப்புறப் பகுதிகள் என்று திட்டம் பரவியது. சில இடங்களில் குழந்தைக்கு ஓராண்டு கிடைக்கிறது, சில இடங்களில் ஆறு மாதம்தான். உள்ளூரில் நன்கொடை எவ்வளவு திரளும் என்பதைப் பொறுத்து அந்த மாதங்கள் அமைகின்றன. பணக்கார அறக்கட்டளை இல்லாத ஊரில் பிறக்கும் குழந்தைக்கு அந்த மீதி ஆறு மாதத்தை யார் தருவது என்ற கேள்வி, மிச்சிகன் சட்டமன்றத்தில் ஒவ்வொரு பட்ஜெட் காலத்திலும் எழுப்பப்பட வேண்டிய கேள்வி.